தோவாளை வட்டத்துப் பழைய அறைப்புரை: எந்தக் காலத்தது, யாருடைய நெல்லுக்காகக் கட்டியது?

மலையடிவாரம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பூதப்பாண்டிக்கு வடக்கே உள்ள எங்கள் தாய்வழிக் குடும்ப வீட்டின் கிழக்கு முற்றத்தில் தனிக் கட்டடமாக ஓர் அறைப்புரை (நெற்களஞ்சியம்) நிற்கிறது. கருங்கல் அடித்தளம் மூன்றடி உயரம். அதன்மேல் சுண்ணாம்புச் சாந்து பூசிய சுவர். அதற்குள் சுவரை எந்தப் பக்கத்திலும் தொடாமல், ஆள் பக்கவாட்டில் நுழையும் அளவு இடைவெளி விட்டு, முழுக்க மரத்தால் ஆன நெல்லறை. நெல்லறை மூன்று பிரிவாக உள்ளது. ஒவ்வொரு பிரிவின் முன்பக்கத்திலும் நிரைப்பலகைகள் காடியில் மேலிருந்து ஒன்றன்மேல் ஒன்றாக இறங்கும். நெல் குறையக் குறைய மேல்பலகையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வரலாம். உள்ளளவு மொத்தம் 16 அடி நீளம், 9 அடி அகலம், 7 அடி உயரம். கூரையில் இப்போது மங்களூர் ஓடு.

முன் திண்ணையின் உத்தரத்தில் ‘கொல்லம் ௲௮௰௧ தை’ என்று உளியால் வெட்டியிருக்கிறது. பழைய மரச்சாமான் வாங்கும் ஒருவர் நெல்லறையை மொத்தமாகப் பிரித்து எடுத்துக்கொள்ள விலை பேசியிருக்கிறார். அவருடைய தரகர் தயாரித்த குறிப்பில் இது ‘1081ஆம் ஆண்டைச் சேர்ந்த ஆயிரம் ஆண்டுப் பழமை’ என்று இருக்கிறது. சித்தி மக்களில் இருவருக்கு விற்கத்தான் விருப்பம். விற்பதோ வைப்பதோ, அதற்குமுன் இதன் உண்மையான வயது தெரியவேண்டும் என்று நான் சொல்லியிருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லிவருவது, அப்போதைய காரணவர் (தாய்வழிக் குடும்பத் தலைவர்) நம் சொந்த வயல்களின் விளைச்சலைச் சேமிக்க இதைக் கட்டினார் என்பதுதான். அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

செங்கோட்டைக்காரன் எழுதியது:

ஆண்டுக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். கொல்லம் ஆண்டு கி.பி. 825இல் தொடங்குவது. ஆவணி முதல் மார்கழி நடு வரையுள்ள மாதங்களுக்கு 824ஐயும், தை முதல் ஆடி வரையுள்ள மாதங்களுக்கு 825ஐயும் கூட்டவேண்டும். ஆகவே உங்கள் உத்தரம் சொல்வது 1906ஆம் ஆண்டு ஜனவரி-பிப்ரவரி. தரகர் எண்ணூறு ஆண்டுகளைச் சும்மா சேர்த்துக் கொடுத்திருக்கிறார்; விலையிலும் அதே தாராளம் இருந்தால் யோசிக்கலாம்!

பேச்சிப்பாறை அணை வேலை 1897இல் தொடங்கி முடிவடைந்ததும் 1906இல்தான். நாஞ்சில்நாட்டுக் கடைமடைக் குளங்களுக்கும் கோதையாற்றுத் தண்ணீர் உறுதிப்பட்ட காலத்தில் ஒரு குடும்பம் புதிய அறைப்புரை கட்டியது என்றால் பொருந்தி வருகிறது.

தச்சுக்கோல் எழுதியது:

அண்ணாச்சி, உத்தரத்தில் உள்ள ஆண்டு அந்த உத்தரத்துக்குத்தான் சாட்சி; மற்ற மரங்களுக்கு அது சாட்சியாகாது. தக்கலைப் பக்கத்தில் பழைய வீடுகளைச் செப்பனிடும் வேலையில் நெடுங்காலமாக இருக்கிறேன். நாங்கள் பிரித்துப் பார்க்கும் நெல்லறைகளில் பாதிக்குமேல் வேறொரு வீட்டிலிருந்தோ வேறொரு இடத்திலிருந்தோ கழற்றிக் கொண்டுவந்து பூட்டியவையாகவே இருக்கின்றன. ஆணியே இல்லாமல் கழுந்தும் துளையும் காடியும் ஆப்புமாகச் செய்த அறையை ஒரு தச்சர் குழு சில நாட்களில் கழற்றி வண்டியேற்றிவிடும். வீடு மாறும்போது கட்டில் மாறுவது போலத்தான் அந்தக் காலத்தில் நெல்லறையும் மாறியது. ஆகவே உங்கள் கட்டடத்துக்கு ஒரே வயது இருக்கும் என்ற எண்ணத்தோடு தேடாதீர்கள். கல்லுக்கு ஒரு வயது, அறைக்கு ஒரு வயது, கூரைக்கு ஒரு வயது இருக்கக்கூடும்.

நீங்களே பார்க்கக்கூடிய சில அடையாளங்களைச் சொல்கிறேன். அறையின் அடிச்சட்டத்திலும் மூலைக்கால்களிலும் எதுவும் நுழையாமல் வெறுமையாக நிற்கும் துளைகள் இருக்கின்றனவா என்று விளக்கு வைத்துப் பாருங்கள். புதிதாகச் செய்த மரத்தில் தச்சன் வேலையில்லாத துளை போடமாட்டான். நிரைப்பலகைகளின் ஓரத்தில் ஒரு வெட்டு, இரண்டு வெட்டு என்று வரிசைக்குறிகள் இருக்கும். அந்த வரிசை இடையில் அறுபடுகிறதா என்று கவனியுங்கள். கூரை ஓட்டின் அடிப்பக்கத்தில் தொழிற்சாலை முத்திரை இருக்கும். பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியதே 1865இல்தான். அதற்குமுன் நம் பக்கத்துக் களஞ்சியங்களுக்கு நாட்டு ஓடு அல்லது பனையோலை. ஆனால் ஓடு கூரையின் வயதைச் சொல்லுமேயன்றி வேறெதன் வயதையும் சொல்லாது.

என்ன மரம் என்பதும் முக்கியம். திருவிதாங்கூரில் தேக்கு, ஈட்டி, சந்தனம், கருங்காலி ஆகியவை அரசுக்குரிய மரங்களாக இருந்தன. தன் வளாகத்தில் நின்ற தேக்கைக்கூட ஒருவர் நினைத்தபடி வெட்டிவிட முடியாது. அதனால்தான் வசதியான குடும்பங்களிலும் நெல்லறைக்குப் பலாவும் அதன் இனமான அயினியும் போட்டார்கள். தேக்கில் ஆண்டு வளையங்கள் தெளிவாக விழும். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தார் கேரளத் தேக்கின் வளையங்களை எண்ணிப் பல நூறு ஆண்டு மழை வரலாற்றையே கணித்திருக்கிறார்கள். பலாவும் அயினியும் அந்த உதவியைச் செய்யமாட்டா. உங்களுடையது அயினி என்றால் அறிவியல் சோதனையை மறந்துவிட்டுத் தச்சு வேலைப்பாட்டையும் பத்திரங்களையும் மட்டுமே நம்பவேண்டியிருக்கும்.

மலையடிவாரம் எழுதியது:

தச்சுக்கோல் அண்ணாச்சி சொன்னபடி உள்ளே இறங்கிப் பார்த்தேன். அடிச்சட்டம் அயினி, பலகைகள் பெரும்பாலும் பலா. தெற்குப் பக்க அடிச்சட்டத்தில் ஒன்றரை விரல் அகலத்தில் மூன்று வெறுந்துளைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று பாதியோடு அறுபட்டு மூலைக்குள் மறைகிறது. நடுப்பிரிவின் நிரைப்பலகைகளில் வெட்டுக்குறி ஒன்றிலிருந்து ஏழு வரை இருக்கிறது, நான்காவது இல்லை. அந்த இடத்தில் உள்ள பலகை குறியே இல்லாத வேம்பு. அறைக்குள் இரும்பு ஆணி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

நான் எதிர்பாராத ஒன்றும் இருந்தது. மூன்று பிரிவுகளுக்கும் மூன்று வகைப் பூட்டுக்கொண்டி. நடுவில் உள்ளது கனத்த கைவேலை இரும்பு. மற்ற இரண்டும் மெல்லியவை, ஒன்றுக்கொன்றும் பொருந்தாதவை. உட்சுவர்ப் பலகையில் நெல் உரசி உரசிக் கண்ணாடிபோல் வழவழப்பாகியிருக்கிறது. அந்த வழவழப்புக்கு மேலே, கைக்கு எட்டும் உயரத்தில், சுண்ணாம்பால் போட்ட கோடுகள் கட்டுக்கட்டாகத் தெரிகின்றன. மரக்கால் எண்ணிக்கைக்காக இருக்கலாம்.

சித்தூர்ப்புழை எழுதியது:

நான் பாலக்காட்டு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். எங்கள் சித்தூர் வட்டம் பழைய கொச்சி இராச்சியத்தைச் சேர்ந்தது, நீங்கள் திருவிதாங்கூர். ஆனாலும் உங்கள் அறைப்புரை எங்களுக்குப் பத்தாயப்புரை; அதன் கதை இரண்டு இடத்திலும் ஒன்றுதான் என்பதால் சொல்கிறேன். எல்லோரும் எப்போது கட்டியது என்று கேட்கிறீர்கள். இவ்வளவு பெரிதாக ஏன் கட்டினார்கள் என்பதே எனக்கு முதற்கேள்வி.

கணக்கைப் பாருங்கள். 16, 9, 7 ஆகியவற்றைப் பெருக்கினால் 1,008 கன அடி, அதாவது ஏறத்தாழ 28 கன மீட்டர். காய்ந்த நெல் ஒரு கன மீட்டருக்கு 550 முதல் 600 கிலோ வரை இருக்கும். விளிம்புவரை நிரப்பமாட்டார்கள் என்று கழித்தாலும் 15 டன் நெல் கொள்ளும் அறை இது. ஐயா, உங்கள் குடும்பம் நேரடியாக உழுதது எத்தனை ஏக்கர்? உரமும் ஒட்டுரக நெல்லும் வராத காலத்தில் ஏக்கருக்குப் பத்துக் குவிண்டால் என்று மிகத் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். பதினைந்து ஏக்கர் சொந்தமாக அறுத்து, அறுப்புக் கூலியும் விதைநெல்லும் வீட்டுச் செலவும் கழிக்காமல் அப்படியே கொட்டினால்தான் ஒரு பூவில், அதாவது ஒரு போகத்தில், இந்த அறை நிறையும்.

எங்கள் ஊரில் இத்தகைய அறைகள் நிறைந்தது பாட்ட நெல்லால்தான், அதாவது குத்தகைக்கு உழுதவர்கள் அளந்த நெல்லால்தான். எங்கள் பழைய பத்தாயப்புரையில் நெல் அளக்கும் பறைகள் இரண்டு கிடந்தன. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பித்தளைப் பூண் போட்டதில் நிரப்பிய நெல்லைப் பூண் இல்லாததில் கொட்டினால் ஒரு கை நெல் மிஞ்சி வழியும். பாட்டம் அளந்து வாங்கப் பூண் பறை, கூலி அளந்து கொடுக்க மற்றது. என் தாத்தா இதை ஒளிவுமறைவாக அல்ல, இயல்பான நடைமுறையாகவே சொல்வார். 1970 ஜனவரி 1ஆம் தேதி கேரள நிலச் சீர்திருத்தத் திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்து குடியானவர் பாட்டம் ஒழிந்தபோது, அந்தப் பக்கத்துப் பெரிய பத்தாயப்புரைகள் அடுத்த அறுவடைக்கே காலியாகிவிட்டன. சொந்த வயல் நெல்லுக்காகக் கட்டியவையாக இருந்திருந்தால் ஒரு சட்டம் அவற்றைக் காலி செய்திருக்காது.

மலையடிவாரம் எழுதியது:

கணக்கு சரியாக இருக்கலாம். முடிவை நான் அப்படியே ஏற்கவில்லை. குடும்பத்தார் சொல்வது சொந்த உழவு ஆறு ஏக்கர் என்பது. ஆனால் அணைக்கு முந்தைய நாஞ்சில்நாட்டில் குளம் பொய்த்தால் இரண்டாம் போகமான கும்பப்பூ முழுவதும் போய்விடும். ஒரு நல்ல ஆண்டின் நெல்லை அடுத்த ஆண்டுக்கும் சேர்த்து வைத்தால்தான் ஐம்பது பேர் உண்ணும் கூட்டுக்குடும்பம் பிழைக்கும். முதற்போகமான கன்னிப்பூ, கும்பப்பூ இரண்டும் சேர்ந்தால் ஆறு ஏக்கரில் 12 டன் வருகிறது, உங்கள் தாராளக் கணக்குப்படியே. ஆகவே பெரிய அறை என்றாலே பாட்ட நெல் என்று சொல்லிவிட முடியாது. எச்சரிக்கையான காரணவர் ஒருவரின் வேலையாகவும் இருக்கலாம் அல்லவா?

சித்தூர்ப்புழை எழுதியது:

எச்சரிக்கை என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் 1906இல், தண்ணீர் உறுதியான பிறகு, அந்த எச்சரிக்கை குறைந்திருக்கவேண்டும். நெல்லறை அதற்கு முந்தையது என்றால் உங்கள் வாதம் வலுப்படும். உங்கள் வெறுந்துளைகள் உங்களுக்குச் சாதகமாகவே பேசுகின்றன, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐம்பது பேர் உண்ணும் வீட்டில் 12 டன்னும் அறைக்கு வந்து சேராது என்பதையும் பாருங்கள்.

குளத்துமடை எழுதியது:

இந்த விவாதத்தை முதலிலிருந்து படித்துவந்தேன். எங்கள் வீடு அதே வட்டாரத்தில்தான். மூன்று தலைமுறையாக மடை காவலும் வயல் வேலையும் எங்களுடையது. நான் ஆசிரியர் வேலைக்கு வந்தவன். அறைப்புரையைப் பற்றிப் பேசும்போது அதற்குள்ளே நின்று பார்த்தவர்களின் பேச்சே கேட்கிறது. வெளியே நின்றவர்களின் கணக்கும் இருக்கிறது.

என் பாட்டி களத்தில் பொலி தூற்றியவர். நெல்லைச் சுமந்து அறைப்புரைப் படிவரை கொண்டுபோவது எங்கள் ஆட்கள். படிக்கு உள்ளே கொண்டுபோவது வேறு ஆட்கள். அளக்கிறவர் முதல் மரக்காலை ‘லாபம்’ என்று சொல்லித்தான் தொடங்குவார், ஒன்று என்று சொல்லமாட்டார். பாட்டி சொல்வார், லாபம் எப்போதும் உள்ளே போகிற மரக்காலுக்குத்தான் என்று. கூலி நெல் களத்திலேயே அளக்கப்படும், பதரும் மண்ணும் கலந்த அடிப்பொலியிலிருந்து.

நாஞ்சில்நாட்டு வரலாற்றில் இன்னொன்றும் இருக்கிறது. அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் ஓலைகளில் நிலம் விற்ற ஓலைகளோடு ஆட்களை விற்ற ஓலைகளும் உள்ளன. திருவிதாங்கூரில் அடிமை முறை முழுமையாக ஒழிக்கப்பட்டது 1855ஆம் ஆண்டு அரச அறிவிப்பால்தான். மலையடிவாரம் ஐயாவின் நெல்லறை 1906க்கு முந்தையது, அதன் மரம் இன்னும் ஐம்பது அறுபது ஆண்டு பழையது என்று நிறுவினால் மகிழ்ச்சிதான். அப்போது அதன் முதல் நெல்லைச் சுமந்தவர்கள் யார் என்பதும் சேர்ந்தே நிறுவப்படுகிறது. பழமை கூடக்கூடப் பெருமை மட்டுமே கூடுவதில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. வயது தேடுகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்க்கவேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

செங்கோட்டைக்காரன் எழுதியது:

குளத்துமடை சொன்னதற்கு மறுப்பில்லை. எல்லாப் பெரிய களஞ்சியமும் பாட்டத்துக்கானது அல்ல என்பதற்காக எங்கள் ஊர் உதாரணம் ஒன்று. 1904இல் கொல்லத்துக்கும் செங்கோட்டைக்கும் ரயில் ஓடத் தொடங்கியபின் இங்கே நெல் வாங்கி விற்றவர்கள் கட்டிய கிடங்குகள் உண்டு. அவை உயரமான மேடையோடு தெருவைப் பார்த்திருக்கும். வண்டி பின்புறமாக வந்து நின்றால் மூட்டை நேரே உள்ளே போகும். உங்கள் அறைப்புரை வீட்டு முற்றத்தைப் பார்த்து நிற்கிறது. காரணவர் திண்ணையிலிருந்து கதவு தெரியும்படி நிற்கிறது என்று நினைக்கிறேன். ஆகவே வணிகம் இல்லை.

இரண்டாம் உலகப்போரையும் விட்டுவிடவேண்டாம். திருவிதாங்கூர் பர்மா அரிசியை நம்பி இருந்த நாடு. 1942 மார்ச்சில் இரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனதும் அரிசி வரத்து நின்றது; மரச்சீனியே பல வீடுகளில் முதல் உணவானது. நெல் கொள்முதலும் பங்கீடும் வந்தன. பெரிய அறைகளில் இருந்த நெல்லுக்குக் கணக்குக் காட்டவேண்டியிருந்தது. சுண்ணாம்புக் கோடுகள் சில அந்தக் காலத்தவையாகவும் இருக்கக்கூடும்.

பத்திரப்படி எழுதியது:

ஆவணம் எழுதும் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். மூன்று பூட்டுக்கொண்டி என்று படித்தவுடன் எனக்குத் தோன்றியது பாகப்பிரிவினைதான்.

நாஞ்சில்நாட்டு வேளாளர்களிடம் மருமக்கள்வழி (சொத்து சகோதரியின் மக்களுக்குப் போகும் முறை) இருந்தவரை தரவாட்டுச் சொத்தை, அதாவது கூட்டுக்குடும்பச் சொத்தை, பிரிக்க வழியில்லை; சாவி காரணவர் கையில். கொல்லம் 1101இல், அதாவது 1926இல், நாஞ்சில்நாட்டு வேளாளர் ரெகுலேஷன் வந்து மக்கள்வழிக்கும் பாகம் கேட்பதற்கும் வழி திறந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பழைய குடும்பங்கள் பல பாகம் வைத்தன. வயலைப் பிரிப்பது எளிது. அறைப்புரையைப் பிரிப்பது எப்படி? கட்டடம் பொது, அறையின் பிரிவுகள் மட்டும் ஒவ்வொரு தாய்வழிக் கிளைக்கும் ஒன்று என்று எழுதுவார்கள். ஒவ்வொருவரும் தம் பிரிவுக்குத் தனிப் பூட்டுப் போட்டுக்கொள்வார்கள். நடுப்பிரிவின் கனத்த கொண்டி பழையது, மற்ற இரண்டும் பாகத்துக்குப் பின் வந்தவை என்பது என் ஊகம்.

ஐயா, அந்தப் பாகப்பத்திரத்தைத் தேடுங்கள். குடும்பத்தில் யாரிடமாவது அசல் இருக்கும். இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பிக்கலாம். நில அட்டவணையை இரண்டாகப் பாருங்கள்: ‘சொந்தக் கிருஷி’ என்று எழுதியவை எத்தனை, ‘பாட்டம்’ அல்லது ‘வாரம்’ (விளைச்சலில் பங்கு) என்று எழுதியவை எத்தனை. பாட்ட நிலங்களுக்கு எதிரே ஆண்டுக்கு இத்தனை கோட்டை நெல் என்று இருக்கும். இங்கே ஒரு கோட்டைக்கு இருபத்தொரு மரக்கால். நீங்களும் சித்தூர்ப்புழையும் ஊகத்தில் பேசுவதை அந்த ஒரு பக்கம் தீர்த்துவிடும்.

பலரும் குழப்பிக்கொள்ளும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1865ஆம் ஆண்டுப் பாட்ட விளம்பரத்தால் குடியானவருக்கு நிலம் கிடைத்துவிட்டது என்பார்கள். அது பண்டாரப்பாட்டம், அதாவது அரசு நிலம், வைத்திருந்தோருக்கு விற்கவும் ஒத்தி வைக்கவும் உரிமை கொடுத்தது. அப்படி உரிமை பெற்ற குடும்பத்திடம் வாரத்துக்கு வாங்கி உழுதவருக்கு அதனால் ஒன்றும் வரவில்லை. சொல்லப்போனால், 1865க்குப் பிறகுதான் நடுத்தரக் குடும்பங்கள் நிலம் சேர்ப்பதும் பெரிய அறை வைப்பதும் கூடின என்பது என் கருத்து.

மலையடிவாரம் எழுதியது:

பத்திரம் கிடைத்துவிட்டது, சின்னத் தாத்தா வீட்டுத் தகரப்பெட்டியில் இருந்தது. கொல்லம் 1104இல், அதாவது 1928-29இல், எழுதியது. பத்திரப்படி ஐயா ஊகித்ததுபோலவே ‘கிழக்கு முற்றத்து அறைப்புரையும் அதில் உள்ள அறையும் பொது, அறையின் கள்ளி மூன்றும் தாய்வழிக்கு ஒவ்வொன்று’ என்று இருக்கிறது. கள்ளி என்பது பிரிவு.

நில அட்டவணையைச் சொல்லாமல் விடுவது முறையல்ல. சொந்தக் கிருஷி என்று இரண்டு வயல்கள். பாட்டம் என்று ஏழு வயல்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே கோட்டைக் கணக்கு. பரப்பைக் கூட்டினால் பாட்ட நிலம் சொந்த உழவைப்போல மூன்று மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. சித்தூர்ப்புழையின் கணக்கு இந்த வீட்டைப் பொறுத்தவரை சரி.

ஆனால் முன்கருதல் பற்றி நான் சொன்னதை முழுதாகக் கைவிடவேண்டியதில்லை என்றும் நினைக்கிறேன். பத்திரத்தில் ‘முன்னாண்டு நெல் மிச்சம்’ என்று தனியாக ஓர் இனம் இருக்கிறது, அதையும் மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். ஆகவே நெல் ஆண்டு தாண்டித் தங்கியிருக்கிறது. பேச்சிப்பாறைத் தண்ணீர் வந்து இருபது ஆண்டுக்குமேல் ஆகியும் பழக்கம் விடவில்லை.

ஓட்டைப் பற்றி: கழற்றிப் பார்த்த சிலவற்றில் கொல்லத்துத் தொழிற்சாலை முத்திரை, சிலவற்றில் முத்திரை தேய்ந்துவிட்டது. பத்திரத்திலேயே ‘ஓலை மேய்ந்த அறைப்புரை’ என்றுதான் எழுதியிருப்பதால், ஓடு பாகத்துக்குப் பிறகு போட்டது.

தச்சுக்கோல் எழுதியது:

நன்றாக வந்துவிட்டது. என் கணிப்பு இது. மரத்தாலான நெல்லறை 1906க்கு முன்பே எங்கோ இருந்தது. உங்கள் குடும்பத்துப் பழைய வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கவும் கூடும், ஏனென்றால் வீட்டின் நடுவிலேயே அறை வைப்பது தெற்கே பழைய வழக்கம். அறுபட்ட துளை, சட்டத்தை ஓரளவு குறுக்கிப் பொருத்தியதைக் காட்டுகிறது. 1906இல் கல் மேடையும் சுவரும் திண்ணையும் கட்டி அதைத் தனியாகக் குடியேற்றியிருக்கிறார்கள். உத்தரத்தில் வெட்டியது அந்த நாளைத்தான். 1929ஐ ஒட்டி மூன்று பூட்டு. அதன்பின் ஓடு. எத்தனை ஆண்டு பழையது என்று யாராவது கேட்டால் இந்த வரிசையைச் சொல்லுங்கள்.

விற்பதைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்லக்கூடாது. ஆனால் தொழில்முறையில் ஒன்று சொல்லவேண்டும். பிரித்து எடுத்துப் பாதுகாப்பது தவறில்லை. முட்டுக்காட்டில் தட்சிணசித்ராவில் கேரள வீடுகளை அப்படித்தான் கழற்றிக் கொண்டுவந்து, திரும்பப் பொருத்தி வைத்திருக்கிறார்கள். அங்கே எல்லாத் துண்டும் ஓரிடத்தில் இருக்கிறது. விடுதிக்கும் கடைக்கும் போகும் நெல்லறை அப்படி இருப்பதில்லை: நிரைப்பலகை மேசையாகும், கதவு சுவரில் தொங்கும், அடிச்சட்டம் விறகாகும். உங்களுக்குத் தகவல் சொன்னதெல்லாம் அந்த அடிச்சட்டமும் குறியில்லாத வேம்புப் பலகையும்தான். வாங்குபவருக்கு அவை இரண்டும் கழிவு.

வைத்திருப்பதானால் உடனடி வேலை ஒன்றே ஒன்று. மூலைக்கால்கள் கல்லைத் தொடும் இடத்தில் கரையான் இருக்கிறதா என்று உளி நுனியால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அந்த அளவு மட்டும் அறுத்து, அதே அயினியில் கழுந்து போட்டு ஒட்டுக்கால் கொடுக்கலாம். சுவருக்கும் அறைக்கும் இடையே உள்ள இடைவெளியைச் சாமான் போட்டு அடைக்காதீர்கள். அந்தக் காற்றோட்டம்தான் இத்தனை காலம் நெல்லையும் மரத்தையும் காப்பாற்றியது. சுண்ணாம்புக் கோடுகளைத் துடைக்காமல் படம் எடுத்து வையுங்கள். தயவுசெய்து வார்னிஷ் பூசவேண்டாம்.

சித்தூர்ப்புழை எழுதியது:

எங்கள் பக்கம் இதைச் சொல்ல ஆள் இல்லாமல் போய்விட்டது. எங்கள் பத்தாயத்தின் ஒரு பிரிவு இப்போது ஒரு விடுதியின் வரவேற்பறையில் இருப்பதாகக் கேள்வி. பறைகள் இரண்டையும் மட்டும் நான் கொடுக்கவில்லை.

மலையடிவாரம் எழுதியது:

சித்தி மக்களிடம் பத்திரத்தைப் படித்துக் காட்டினேன். ஒருவர் இன்னும் விற்கலாம் என்றே சொல்கிறார்; அவருடைய நியாயம் அவருக்கு, கூரை ஓடு மாற்றும் செலவில் அவருக்கும் பங்கு உண்டு. மற்றவர்கள் ஓராண்டு பொறுப்பதற்கு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அதற்குள் கால்களைச் செப்பனிட்டு, நிறைபுத்தரிசி விழாவுக்கு எப்போதும்போல் கதவில் கதிர் கட்டி, உள்ளே ஒரு பலகையில் இதன் வரலாற்றை எழுதி வைக்க எண்ணம். அதில் கட்டிய காரணவர் பெயரோடு, பாட்ட நெல் வந்த ஏழு வயல்களின் பெயர்களையும் அவற்றை உழுத வீட்டாரின் பெயர்களையும் சேர்க்க விரும்புகிறேன். பத்திரத்தில் வயல் பெயர் இருக்கிறது, பாட்டத்தின் அளவு இருக்கிறது, உழுதவர் பெயர் ஒன்றுகூட இல்லை. குளத்துமடை ஐயா உதவமுடியுமா?

குளத்துமடை எழுதியது:

முடியும். ஏழு பெயர்களை எனக்குத் தனியாக அனுப்புங்கள். நான் யூகிக்கிற வயல்கள்தான் என்றால் இரண்டு இப்போது மனைப்பிரிவாகிவிட்டன, ஒன்றில் வாழை. மற்றவற்றில் இன்னும் நெல் போடுகிறார்கள். உழுத வீட்டார் பெயர்களை என் பெரியப்பாவிடம் கேட்டு எழுதித் தருகிறேன். அவருக்கு வரப்புவாரியாக நினைவிருக்கிறது. அந்த வீட்டாரின் பேரப்பிள்ளைகளிடம் ஒப்புதல் கேட்காமல் பலகையில் எழுதவேண்டாம். சிலர் வேண்டும் என்பார்கள், சிலர் அந்தப் படியில் தங்கள் பெயரே வேண்டாம் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து வயல்களைப் பார்க்கலாம். காலையில் வேண்டாம், மடை முறை எங்களுடையது. பத்து மணிக்குமேல் வாருங்கள்.